பெட்டி நம் வீட்டில். சாவி யார் கையில்?

(தாம்பரத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்புக்கு “வீட்டு வைஃபை பெட்டியும் சாமான்ய மக்களும்” என்று தலைப்பு வைத்ததும் சில தோழர்கள் சிரித்தார்கள். “கூலி பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, போனஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, இந்தப் பெட்டியைப் பற்றிப் பேச நமக்கு என்ன அவசரம்?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆலையை விட்டு நின்ற தொழிலாளி தன் பிராவிடண்ட் பண்டுப் பணத்தைக் கேட்டு இன்று எப்படி மனுச் செய்கிறான்? இணையத்தில் செய்கிறான். நூறு நாள் வேலைக்குப் போன விவசாயத் தொழிலாளியின் ஆஜரை 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் படம் எடுத்துத்தான் பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, பாடம் செல்போனில் நடந்தது. இணைப்பு இருந்த வீட்டுப் பிள்ளை பாடம் கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தது. ஆக, இது கூலிக்கும் கல்விக்கும் வெளியே நிற்கிற விஷயமா?

“செல்போனில் டேட்டா போட்டுக்கொண்டால் போதாதா?” என்று கேட்கலாம். ஒரு வீட்டில் நாலு செல்போன் இருந்தால் நாலு ரீசார்ஜ் போட வேண்டும். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. அதனால் பல குடும்பங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கின்றன. வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு வாங்கி, எல்லோரும் அதிலேயே பார்த்துக்கொண்டால் செலவு குறையுமே என்று யோசிக்கின்றன. பம்மலிலும் அனகாபுத்தூரிலும் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும், தெருவுக்குத் தெரு கம்பத்தில் கறுப்புக் கம்பி தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பி வந்துவிட்டது, பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியை ஆளத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு எத்தனை பேர்? இதுதான் இன்று நம் முன்னால் உள்ள கேள்வி.

வீட்டில் நடப்பது என்ன?

இணைப்புக் கொடுக்க ஓர் ஆள் வருகிறார். சுவரில் ஓட்டை போடுகிறார், கம்பியை இழுக்கிறார், பெட்டியை மாட்டுகிறார். தன் செல்போனில் எதையோ தட்டுகிறார். பிறகு வீட்டுக்காரர் போனை வாங்கி அதிலும் தட்டுகிறார். “வேலை செய்கிறது, பாருங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கின்றன.

ஆறு மாதம் கழித்து மகளுக்குப் புதுப் போன் வாங்குகிறார்கள். பாஸ்வேர்டு என்ன? யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கடுகு எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், “ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து” என்று ஒரு யந்திரக் குரல் சொல்கிறது. ஒரு வழியாக மனிதக் குரல் கிடைத்தால், “பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு உள்ளே போங்கள்” என்கிறது. உள்ளே போனால் எஸ்.எஸ்.ஐ.டி., டி.எச்.சி.பி., வான், லான் என்று வரிசை வரிசையாக வார்த்தைகள் நிற்கின்றன. பட்டப் படிப்புப் படித்தவரே மூடிவைத்துவிட்டு எழுந்து போகிறார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. நாம் மெப்ஸ் என்கிறோம். அங்கே மின்னணுச் சாமான் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பெண்கள் அங்கே ஷிப்டு முழுவதும் நின்று, நகத்தைவிடச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிறார்கள், சோதிக்கிறார்கள், தப்பு இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குகிறார்கள். அப்படிப்பட்ட கைகள் வீட்டுக்கு வந்ததும் ஒரு வைஃபை பெட்டியின் முன்னால் திகைத்து நிற்கின்றன. “எனக்கு மூளை போதாது” என்று அந்தத் தாய் சொல்கிறாள். அவளுக்கு மூளை போதாதா? போதாதது வேறெங்கோ இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பயத்தைப் போக்க முதல் வழி விஷயத்தைத் தெரிந்துகொள்வது. இந்தப் பெட்டி மூன்று வேலை செய்கிறது.

தலைமுடி அளவே உள்ள ஒரு கண்ணாடி இழை வழியாக, ஒளி வடிவத்தில் செய்தி வீட்டுக்குள் வருகிறது. அந்த ஒளியை மின்சாரக் குறிகளாக மாற்றுவது முதல் வேலை. வீட்டில் நாலு போன் இருந்தால், எந்தச் செய்தி எந்தப் போனுக்கு என்று பிரித்துக் கொடுப்பது இரண்டாவது வேலை. தபாலாபீசில் வந்த மூட்டையைப் பிரித்து, தெருவாரியாக அடுக்குகிறார்களே, அதே காரியந்தான். இதற்காகப் பெட்டி ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்துக்கொள்கிறது. பிரித்த செய்தியை ரேடியோ அலையாக வீட்டுக்குள் வீசுவது மூன்றாவது வேலை. வைஃபை என்பது இந்த மூன்றாவது வேலைதான்.

இவ்வளவுதான் விஷயம். இதை எந்தத் தொழிலாளிக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிப் புரியவைக்கலாம். அப்படியானால் கஷ்டம் எங்கிருந்து வந்தது?

கஷ்டம் எங்கிருந்து வந்தது?

1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில் எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று ஏறுகிறவனை யாராவது கேட்டார்களா? டிக்கெட் வாங்கினான், ஏறினான், இறங்கினான். மின்சாரத்தின் சிக்கலை ரயில்வே தன் தலையில் சுமந்துகொண்டது. பழைய டெலிபோனும் அப்படித்தான். எடுத்தால் சத்தம் வரும். எண்ணைச் சுற்றினால் ஆள் பேசுவார். சிக்கல் முழுவதும் எக்ஸ்சேஞ்சில் இருந்தது.

இணையம் வேறு பாதையில் வந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15-ல் வி.எஸ்.என்.எல். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அன்று அதை வாங்கியவர்கள் கம்பெனிகளும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுமே. பெட்டிகளும் திரைகளும் அவர்களுக்காகவே எழுதப்பட்டன. பிறகு பிராட்பேண்டு வந்தது, ஃபைபர் வந்தது, கோடிக்கணக்கான சாமான்ய வீடுகளுக்கு இணைப்புப் போனது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பக்கம் மட்டும் என்ஜினீயருக்கு எழுதியபடியே இருந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் இருக்க வேண்டிய சிக்கலில் ஒரு பங்கை நம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள்.

ஏன் மாற்றவில்லை? மாற்ற செலவாகும். விலை குறைந்த பெட்டியைத் தேடித்தான் கம்பெனி வாங்குகிறது. இந்த வருஷம் ஒரு மாதிரி, அடுத்த வருஷம் வேறு மாதிரி. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு திரை. தமிழில் எழுதவும், படம் போட்டு விளக்கவும், வீட்டாரிடம் கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்கவும் யாருக்கும் மனமில்லை. “ஜனங்களுக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது.

நம் பக்கத்திலேயே செய்து காட்டினார்கள்

எளிமையாகச் செய்ய முடியாதா? முடியும். நமக்குப் பக்கத்தில், கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யிலேயே செய்தார்கள்.

1990-களில் அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது சகாக்களும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்க ஆகும் மூலதனச் செலவு சாமான்ய குடும்பம் தாங்கக்கூடியதாக இல்லை. அதைப் பெருமளவு குறைக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அதிலிருந்து பிறந்தது கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அந்த ஒரே பெட்டியில் டெலிபோனும் பேசலாம், அதே சமயம் இணையமும் பார்க்கலாம். தனியாக மோடம் வாங்க வேண்டியதில்லை. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். இன்றைக்கு அது ஆமை வேகம். அன்றைக்கு அது கிராமத்துக்குப் புதையல்.

2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் தாலுக்கா கிராமங்களில் இதை வைத்து இணைய நிலையங்களைத் திறந்தார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் அவற்றை நடத்தினார்கள். கம்ப்யூட்டரைத் தமிழில் இயக்க ஏற்பாடு இருந்தது. பின்னால் செல்போன் பரவியதும் அந்தத் தொழில்நுட்பம் ஒதுங்கிப்போயிற்று. ஆனால் அது விட்டுச் சென்ற பாடம் ஒதுங்கவில்லை. “இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்?” என்ற கேள்வியோடு வேலையைத் தொடங்கினால், பெட்டி ஒன்றாகிறது, கம்பி குறைகிறது, மொழி தமிழாகிறது. “எது மலிவு?” என்று மட்டும் தொடங்கினால் இப்போது நம் சுவரில் இருப்பது கிடைக்கிறது.

சுலபம் என்றால் கதவைத் திறந்து போடுவதா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சுலபமாக்குகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்து போட்ட கதையும் உண்டு.

2006 வாக்கில் வைஃபை கம்பெனிகளின் கூட்டமைப்பு ஒரு புது முறை கொண்டுவந்தது. பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுப் போனிலும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்; பாஸ்வேர்டு தட்ட வேண்டாம். நல்ல யோசனை. அதோடு இன்னொரு வழியும் வைத்தார்கள். பெட்டியில் அச்சிட்ட எட்டு இலக்க எண்ணைத் தட்டினாலும் சேர்ந்துகொள்ளும்.

2011 டிசம்பரில் அந்த எண்ணில் இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. கணக்கைப் பாருங்கள். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி எண்கள். கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்க்க மட்டுமே. ஆகவே உண்மையில் 1 கோடி. திருடன் 1 கோடி முறை முயல வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். பெட்டியோ முதல் நாலு இலக்கம் சரியா, தப்பா என்று தனியாகப் பதில் சொல்லிவிட்டது! முதல் நாலுக்கு 10,000 முயற்சி, மிச்சம் மூன்றுக்கு 1,000 முயற்சி. கூட்டினால் வெறும் 11,000. கம்ப்யூட்டரை வைத்து முயன்றால் சில மணி நேரத்தில் கதவு திறந்துவிடும். சுலபமாக்கிய யோசனையில் குற்றம் இல்லை. அதைச் செய்த விதத்தில் இருந்த அவசரம்தான் குற்றம்.

இதைவிடப் பெரிய விபத்து 2016-ல் நடந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான காமிராக்களும் வைஃபை பெட்டிகளும் தொழிற்சாலையில் போட்ட ஒரே மாதிரிப் பெயரோடும் பாஸ்வேர்டோடும் வீடுகளில் இருந்தன. மிராய் என்ற கெட்ட நிரல், அப்படிப்பட்ட அறுபது சொச்சம் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டிப் பார்த்தது. திறந்த பெட்டிகளை எல்லாம் அடிமையாக்கிச் சேர்த்து, ஒரே சமயத்தில் ஏவிவிட்டார்கள். 2016 அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே திணறிப்போயின. பெட்டியின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

ஒரு பூட்டுக் கம்பெனி லட்சம் பூட்டுக்கும் ஒரே சாவி செய்து விற்றால், திருட்டுப் போன வீட்டுக்காரனைத் திட்டுவோமா, பூட்டுக் கம்பெனியைப் பிடிப்போமா? பிரிட்டன் இதற்குச் சட்டமே போட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது என்ற அந்தச் சட்டம் 2024 ஏப்ரல் 29-ல் அமலுக்கு வந்தது.

நல்ல வழியும் கண்டுபிடித்தாகிவிட்டது. டீக்கடையில் பணம் கொடுக்கக் கட்டம் போட்ட படத்தைப் போனில் பிடிக்கிறோமே, அதே மாதிரி ஒரு கியூ.ஆர். படத்தைப் பிடித்தால் போன் வைஃபையில் சேர்ந்துகொள்ளும். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 2019-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் செய்யலாம். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாகவும் கடினமாகவும் இருக்கலாம். சுலபமும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாட்ட வருகிறவரும் தொழிலாளியே

“எல்லாம் சுலபமாகிவிட்டால் லைன்மேன்கள் வேலை போய்விடாதா?” என்று ஒரு தோழர் கேட்டார். முக்கியமான கேள்வி.

கம்பெனிகளுக்கு ஒரு ஆசை உண்டு. பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டு, “நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, ஆளைக் குறைத்துவிடலாம் என்ற ஆசை. அது எளிமை ஆகாது. லைன்மேன் செய்த வேலையைக் கூலியில்லாமல் நம் வீட்டுப் பெண்கள் தலையில் வைப்பதற்கு அது ஒரு நாசூக்கான பெயர்.

பி.எஸ்.என்.எல். நிலையை நினைத்துப் பாருங்கள். 2019-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் அதிகமான ஊழியர்கள் வெளியே போனார்கள். தெருவின் கம்பியும் கம்பமும் அத்துப்படியான கைகள் அவை. அந்த இடத்தில் இன்று காண்டிராக்ட் ஆட்கள் ஓடுகிறார்கள். கம்பத்தில் ஏறுவது அவர்கள். கீழே விழுந்தாலும் அவர்களே. வாடிக்கையாளர் வசவும் அவர்களுக்குத்தான்.

பெட்டி சுலபமானால், “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” என்று பத்துத் தடவை கூப்பிடும் வீண் அலைச்சல் அவர்களுக்கு மிச்சம். அறுந்த கம்பியை ஒழுங்காக ஒட்டவும், வீட்டாருக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்கவும் நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்கும் கூலி கணக்கிட வேண்டும். வீட்டாரும் லைன்மேனும் இதில் ஒரே பக்கம்.

கேரளம் காட்டும் வழி

2023 ஜூன் 5-ல் கேரளத்தில் இடது முன்னணி சர்க்கார் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. மின்சார வாரியத்தின் கம்பங்களிலேயே ஃபைபரைக் கொண்டுபோனார்கள். முதல் கட்டத்தில் 140 தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 வீதம், 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று திட்டமிட்டார்கள். இது ஒரு பாதி.

கம்பி போனால் மட்டும் போதாது என்று அங்கே உணர்ந்திருந்தார்கள். வீடு வீடாகத் தொண்டர்கள் போய், செல்போனையும் இணையத்தையும் கையாளத் தெரியாதவர்கள் யார் என்று கணக்கெடுத்தார்கள். அப்படி 21 லட்சத்துக்கும் அதிகமானோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குடும்பசிரீ பெண்களும் மாணவர்களும் இதில் இறங்கினார்கள். 2025 ஆகஸ்டு 21-ல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

நமக்கு இது புதிதா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததை மறந்துவிட்டோமா? கல் உடைக்கும் பெண்கள் சிலேட்டு பிடித்தார்கள். அதோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். “சைக்கிள் ஆம்பளைச் சமாசாரம்” என்று சொன்ன வாய்கள் மூடிக்கொண்டன. இன்று “வைஃபை படித்தவன் சமாசாரம்” என்கிறார்கள். தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் திட்டம் இருக்கிறது. ஊராட்சி ஆபீஸ் வரை வருகிற கம்பி, விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்கும் போக வேண்டும். போனபின் அந்த வீட்டாருக்கு அதை ஆளத் தெரிய வேண்டும். இதற்கு ஓர் அறிவொளி வேண்டாமா?

நாளைக்கே செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. நீங்கள் என்ன தட்டினாலும் பயனில்லை; ஆபீசுக்குப் போன் செய்து “சிவப்பு விளக்கு” என்று மட்டும் சொல்லுங்கள். சிவப்பு இல்லாமலே நெட் வரவில்லையானால், ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். கழன்ற கண்ணாடி இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யக்கூடியது.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. பெட்டியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். குண்டூசியால் அதைக் குத்திப் பிடித்தால் கம்பெனி போட்டுவைத்த விவரங்கள் எல்லாம் அழிந்துபோகலாம். பிறகு ஆள் வந்து திரும்பப் போடும்வரை நெட் வராது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

பல பெட்டிகள் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் கடைசியில் “5ஜி” என்று இருக்கும். செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலை. பக்கத்தில் வேகமாக வரும். சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறைக்கு அதையும், பின்கட்டுக்கு மற்றதையும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை இரும்புப் பீரோவுக்குப் பின்னாலும் தரையிலும் வைக்காதீர்கள். இரும்பு அலையை மறைக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் இருக்கட்டும்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள். போன் நம்பரும் ஒன்று முதல் எட்டும் வேண்டாம். நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வையுங்கள். அதைக் கேலண்டரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளே மாட்டுங்கள். புதுப் போனைச் சேர்க்க, முன்பே சேர்ந்திருக்கும் போனில் செட்டிங்ஸ் போய், வைஃபை பெயரை அழுத்தி, ஷேர் என்பதைத் தொட்டால் கியூ.ஆர். படம் வரும்; அதைப் புதுப் போனால் பிடித்தால் காரியம் முடிந்தது.

மின்சாரம் போனால் பெட்டியும் போகும். பழைய செம்புக்கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசும். ஃபைபர் பெட்டிக்கு அது கிடையாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். அப்படிப்பட்ட இரவில் உதவி கேட்கக் கையில் ஒன்று இருக்க வேண்டும். பெட்டிக்கென்றே சின்ன பேட்டரி கடையில் கிடைக்கிறது. முடிந்தவர்கள் வாங்கி வையுங்கள்.

நாம் கேட்பது என்ன?

கம்பெனிகளிடமும் சர்க்காரிடமும் நாம் கேட்பவை ஐந்து.

1. பெட்டியோடு தமிழில், படம் போட்ட ஒரே ஒரு தாள் வர வேண்டும். பெட்டியின் உள்பக்கமும் தமிழில் இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு, கியூ.ஆர். படத்தோடு இருக்க வேண்டும். ஒரே சாவியில் லட்சம் பூட்டு கூடாது.

3. கோளாறு வந்தால், “வெளிக்கம்பி அறுந்தது”, “பணம் கட்டவில்லை”, “பெட்டியில் பழுது” என்று காரணத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாகச் சொல்ல வேண்டும்.

4. இணைப்புக் கொடுக்கும் ஊழியர் வீட்டாரில் ஒருவரைத் தானே ஒரு போனைச் சேர்க்கவைத்துப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்காக வேண்டும். அதற்கு ஆகும் நேரத்துக்கு அவருக்குக் கூலி வேண்டும்.

5. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டாருக்கு வேண்டும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல், கம்பெனி கொடுத்த பெட்டியைத்தான் மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி ஒழிந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இவை ஒன்றும் ஆகாயக் கோட்டை இல்லை. இவற்றில் சில உலகில் எங்கோ ஓரிடத்தில் நடந்தவை, சில நம் கையிலுள்ள போனிலேயே இருப்பவை.

தோழர்களே! தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 2021-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்று பெயர் வந்தால் போதாது. அதன் குடிமக்களுக்குத் தங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டி கீழ்ப்படிய வேண்டும். இந்த வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்குப் போங்கள். சிவப்பு விளக்கு என்ன என்று காட்டுங்கள். பாஸ்வேர்டை மாற்றவைத்து எழுதிக் கொடுங்கள். அந்த வீட்டுத் தாயின் கையாலேயே ஒரு போனைச் சேர்க்கவையுங்கள். நீங்கள் செய்து கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். எந்த வீட்டில் எந்தக் கம்பெனிப் பெட்டியில் என்ன கஷ்டம் என்று நோட்டில் குறித்துக் கொண்டுவாருங்கள். அந்த நோட்டுகளைச் சேர்த்து, ஐந்து கோரிக்கைகளோடு மனுவாக எழுதுவோம். நூற்றைம்பது வீட்டின் கணக்கோடு போகிற மனுவைப் பார்த்து, “ஜனங்களுக்குத் தெரியாது” என்று யாரும் சொல்ல முடியாது.